சாலை சொன்ன தூரம், கை சொல்லும் தூரம்

காலை ஐந்தேகால். மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறோம். கை கால் உதறி முடித்தாகிவிட்டது, ஷூ நாடா இறுக்கியாகிவிட்டது. ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. எல்லோரும் இடது கையை மார்பளவுக்குத் தூக்கி மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு, ராகு காலம் முடியக் காத்திருக்கும் கூட்டம் போலத் தெரியும்.

"உனக்கு வந்துருச்சா?"

"இல்லடா, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. அங்கிள், உங்களுக்கு?"

எனக்கு வந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு நிமிடம் நிற்பேன். ஏன் நிற்கிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் ஓடத் தொடங்கிய 1988-இல் இந்தக் காத்திருப்பு கிடையாது. கையில் ஒரு கேசியோ இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் ஓடும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். அதற்குத் தெரிந்தது நேரம் மட்டும்தான். தூரம் அதன் வேலை இல்லை; தூரம் சாலையில் இருந்தது.

அந்தத் தூரத்தை நாங்கள் கண்டுபிடித்த விதம் எளிது. அப்பாவின் ஸ்கூட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கலங்கரை விளக்கத்தின் எதிரே நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, உழைப்பாளர் சிலை வரை ஓட்டிப் போனோம். கடைசி உருளை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு நின்றது. இரண்டே முக்கால் கிலோமீட்டர் என்று தீர்ப்பாயிற்று. போய்த் திரும்பினால் ஐந்தரை. எங்கள் கூட்டத்தில் அதற்கு 'ஒரு லைட் ஹவுஸ்' என்று பெயர். "இன்னிக்கு எத்தனை?" "ரெண்டு லைட் ஹவுஸ்." கிலோமீட்டரில் பேசியவர் யாரும் இல்லை. வேகமாக ஓட வேண்டிய நாளில் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொள்வோம்: நான்கு கம்பம் வேகம், இரண்டு கம்பம் மெதுவாக.

ஸ்கூட்டர் மீட்டர் எவ்வளவு சரி? டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும். சக்கரம் அதிகச் சுற்று சுற்றும். மீட்டர் கூடுதலாகக் காட்டும். கேபிளும் பல்சக்கரமும் சேர்ந்து நூற்றுக்கு நான்கைந்து வித்தியாசம் காட்டினால் அதிசயமில்லை. எங்கள் லைட் ஹவுஸ் ஐந்தரையாக இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே தவறு. நேற்றைய லைட் ஹவுஸும் இன்றைய லைட் ஹவுஸும் ஒன்றுதான். நண்பனுடையதும் என்னுடையதும் ஒன்றுதான். நாற்பது நொடி முன்னேறினால், உண்மையாகவே முன்னேறினோம் என்று அர்த்தம். அன்று இதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

இப்படித் தோராயமாகத் தூரத்தைச் சொல்வது நம் ஊரில் புதிதல்ல. கூப்பிடு தூரம் என்ற சொல் இன்னும் பேச்சில் இருக்கிறது. கூப்பிடுகிறவரின் தொண்டை எப்படி என்று கேட்பாரில்லை.

பள்ளி மைதானம் இன்னொரு கதை. விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பி.டி. மாஸ்டர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார். நானூறு மீட்டர் என்பார். ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் காம்பவுண்டு சுவர். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு அடங்குமோ அதுதான் நானூறு மீட்டர். விதிப்படி, ஓடுதளத்தின் முதல் பாதையை உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். அப்படி அளந்தால்தான் ஒரு சுற்று 400. வெளிப்பக்கமாகப் போகப் போகச் சுற்று நீளும். எட்டாவது பாதையில் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 453 மீட்டர். எங்கள் மாஸ்டருக்கு இது தெரியாமல் இல்லை. வேப்பமரத்தை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தூரத்தை நிஜமாகவே அளப்பது எவ்வளவு பாடு என்று எனக்குப் புரியவைத்தவர், எங்களோடு நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு சர்வேயர் அண்ணன். நில அளவையிலிருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலி, லிங்க்ஸ் கணக்கிலேயே வளர்ந்தவர். இன்றும் ஃபர்லாங்கைப் பத்துச் சங்கிலி என்றுதான் சொல்வார். பரங்கிமலைப் பக்கம் ஓடிவிட்டு வந்த ஒரு நாள், "தம்பி, இந்த நாட்டையே அளக்க ஆரம்பிச்ச இடம் அது" என்றார்.

உண்மைதான். 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கேதான் அந்த அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையின் அடியிலிருந்து பெரும்பாக்கம் பக்கத்துக் குன்று நோக்கி ஏழரை மைல். கருவி நூறு அடி எஃகுச் சங்கிலி. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். வெயில் பத்து டிகிரி கூடினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஏழரை மைலில் அது சேர்ந்து சுமார் 1.4 மீட்டர் பிழையாகும். சித்திரை வெயிலில், சென்னையில்! முடிக்க 57 நாள் ஆயிற்று. எங்கள் குழுவின் பையன்கள் அந்தத் தூரத்தை ஒரு மணி பத்து நிமிடத்தில் ஓடி முடித்து, பையிலிருந்து வாழைப்பழம் எடுப்பார்கள்.

ஓட்டப் பந்தயப் பாதையை அளப்பவர்களும் அந்தச் சங்கிலிக்காரர்களின் வாரிசுகள்தான். மாரத்தான் தூரம் 42.195 கி.மீ. என்பது 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 26 மைல் 385 கெஜத்திலிருந்து வந்தது; 1921-இல் அதுவே நிலையான தூரமானது. தூரத்தை மீட்டர் சுத்தமாகத் தாளில் எழுதியாயிற்று. தெருவில் அதை எப்படிக் கொண்டுவந்து இறக்குவது? பல காலம் கார் மீட்டர்தான் நீதிபதி. 1961-இல் இங்கிலாந்தில் ஜான் ஜுவலும், 1964-இல் அமெரிக்காவில் டெட் கார்பிட்டும் இதற்கு முறை வகுத்து எழுதினார்கள். கார்பிட் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவர். ஓடி ஓடி ஏமாந்தவருக்குத்தான் அளவின் அருமை தெரியும். அவர்கள் கைகாட்டிய கருவி சைக்கிள். 1971-இல் ஆலன் ஜோன்ஸ் என்ற ஓட்டக்காரரும் அவர் மகன் கிளெயினும், முன்சக்கர அச்சில் மாட்டும் ஒரு சிறு எண்ணியைச் செய்தார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் எண்ணியில் சுமார் இருபது எண்கள் ஏறும். ஒரு எண் என்பது ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் பாதி. இன்றும் உலகத்தின் பெரிய மாரத்தான்களை அளப்பது அந்தக் குடும்பத்துக் கருவிதான். செயற்கைக்கோள் வந்த பிறகும், சாதனை ஏற்கப்பட வேண்டுமானால் சைக்கிளில் ஏறியாக வேண்டும்.

அளக்கும் முறையில் ஒரு அழகு உண்டு. முதலில் எஃகு டேப்பால் குறைந்தது 300 மீட்டர் நேர்க்கோடு ஒன்றை அளந்து வைப்பார்கள். அதன் மேல் சைக்கிளை நான்கு முறை ஓட்டி, இத்தனை எண்ணுக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கெடுப்பார்கள். பிறகு பந்தயப் பாதை. முடிந்ததும் திரும்பவும் அதே 300 மீட்டரில் நான்கு முறை. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் டயர் சூடாகிக் காற்று விரிந்திருக்கும் அல்லவா? லாம்டனின் வெப்பமானிதான், டயர் உருவில். வளைவுகளில் ஓரக் கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஒரு ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே சைக்கிள் போகும். அதற்கும் மேல், பாதை தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று வீதம் கூட்டிப் போடுவார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர்.

இந்த 42 மீட்டர் எதற்கு என்றால், 1981 நியூயார்க் மாரத்தானைச் சொல்லலாம். ஆல்பர்ட்டோ சலாசார் 2 மணி 8 நிமிடம் 13 நொடியில் ஓடி, உலகின் மிகச் சிறந்த நேரம் என்று கொண்டாடப்பட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பாதையைத் திரும்ப அளந்தபோது சுமார் 150 மீட்டர் குறைந்தது. அவர் வேகத்துக்கு அது அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சாதனை போயிற்று.

இந்தச் சைக்கிள்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மேலே வேறு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க ராணுவத்தின் முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978-இல் போனது. 24 செயற்கைக்கோள்களோடு முழு அமைப்பும் தயாரானது 1995-இல். ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து விட்டிருந்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரம் அந்த இரவில்தான் கருக்கொண்டது என்பேன். கேசியோ 1999-இலேயே ஜி.பி.எஸ். கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாலும், ஓடுபவர்களை மனதில் வைத்து கார்மின் தன் ஃபோர்ரன்னர் வரிசையைத் தொடங்கியது 2003-இல்.

என் முதல் கடிகாரம் அதற்கும் சில ஆண்டுகள் கழித்து, அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். மணிக்கட்டில் தீப்பெட்டியைக் கட்டினாற்போல் இருக்கும். மொட்டை மாடியில் நின்று முதல் தடவை ஆன் செய்தேன். காபி ஆறியது. இரண்டாவது காபியும் வந்தது. செயற்கைக்கோள் தன் இருப்பிடக் குறிப்பை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்பும். தன்னைப் பற்றிய குறிப்பை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்லும். மொத்தச் செயற்கைக்கோள்களின் பஞ்சாங்கத்தையும் முழுசாகக் கேட்டு வாங்க 12 நிமிடம் 30 நொடி. அமெரிக்காவில் கண் மூடிய கடிகாரம் சென்னையில் கண் விழித்தால், எந்த வானம் என்றே தெரியாமல் முழிக்காதா?

அதைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டு வந்து, அன்று மாலை வீட்டுக் கணினியில் வரைபடத்தைத் திறந்தேன். கடற்கரைச் சாலையில் ஒழுங்காகப் போன சிவப்புக் கோடு, ஓரிடத்தில் சட்டென்று வலப்பக்கம் திரும்பி வங்காள விரிகுடாவுக்குள் இருநூறு மீட்டர் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தது. "நீச்சலும் சேர்த்தா?" என்றாள் மனைவி.

அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்துதான் ஒன்று எனக்குப் பிடிபட்டது. இந்தக் கடிகாரம் தூரத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது இடத்தை. இன்னும் சரியாகச் சொன்னால், நேரத்தை. செயற்கைக்கோள் இருப்பது தலைக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில். அங்கிருந்து சிக்னல் கிளம்பிய நொடிக்கும் வந்து சேர்ந்த நொடிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால், எவ்வளவு தள்ளி என்று தெரியும். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால் 30 செ.மீ. தவறும். மேலே இருப்பது அணுக் கடிகாரம். என் கையில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ். அந்த ஏற்றத்தாழ்வைச் சரிகட்டத்தான் மூன்றோடு நிறுத்தாமல் நான்காவது செயற்கைக்கோளும் தேவைப்படுகிறது. இப்படி நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும். புள்ளிகளைக் கோடிட்டு இணைக்கும். அந்தக் கோட்டின் நீளம்தான் நமக்குக் கிடைக்கும் 'தூரம்'. வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் கோலத்தைப்போல. ஒரே வித்தியாசம், இங்கே புள்ளி வைக்கும் கை நடுங்குகிறது.

இந்த நடுக்கம் எவ்வளவு என்று பாருங்கள். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று ஓடுகிறவர் நொடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறார். நல்ல வெளியிலேயே கடிகாரத்தின் பிழை மூன்று நான்கு மீட்டர் இருக்கும். அதாவது எடுத்து வைக்கும் அடியைவிடப் பிழை பெரிது. முதல் முறை இதைக் கணக்குப் போட்டபோது, இது எப்படி வேலை செய்கிறது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம், பிழை நொடிக்கு நொடி குதிப்பதில்லை. இந்த நொடி இரண்டு மீட்டர் கிழக்கே தள்ளிக் காட்டினால், அடுத்த நொடியும் ஏறக்குறைய அதே இரண்டு மீட்டர் கிழக்கே. எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து நகர்ந்தால் கோடு நகரும், நீளம் மாறாது. போதாததற்கு, ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் ஊதல் ஒலி மாறுவதைப்போல சிக்னலின் அதிர்வெண்ணும் நாம் ஓடும் வேகத்துக்கு ஏற்ப மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகத்தைத் தனியே எடுத்து, புள்ளிகளின் தள்ளாட்டத்தைத் தேய்த்து மழுப்பவும் செய்யலாம்.

மீதமிருக்கும் தள்ளாட்டம்தான் தொல்லை. நேர்க்கோட்டில் ஓடுகிறோம், புள்ளி ஒரு நொடி அரை மீட்டர் இடப்பக்கம், மறுநொடி அரை மீட்டர் வலப்பக்கம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.8 மீட்டராக இருக்க வேண்டிய ஒவ்வொரு துண்டும் 2.97 ஆகும். பத்து கிலோமீட்டர் ஓடினால் 10.6 காட்டும். இடப்பக்கத் தவறும் வலப்பக்கத் தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று நாம் நினைப்போம். நீளத்தில் அப்படி நடப்பதில்லை. எந்தப் பக்கம் விலகினாலும் நேர்க்கோடு நீளத்தான் செய்யும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த பீட்டர் ரானாகெரும் அவர் குழுவினரும் 2016-இல் இதைக் கணிதமாகவே நிறுவினார்கள். ஜி.பி.எஸ். ஏன் தூரத்தைப் பெரிதாக்குகிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் முறையில் கடிகாரத்தை வைத்துவிட்டு அங்கே ஓடினால், அது எப்போதாவது ஒரு புள்ளி வைக்கும். பதினைந்து மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தை நாம் 47 மீட்டர் ஓடிக் கடப்போம். கடிகாரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 30 மீட்டரில் தாவிவிடும். ஒரு வளைவுக்குப் பதினேழு மீட்டர் நம் கணக்கிலிருந்து திருட்டு. பழைய கடிகாரங்கள் திசை மாறினால்தான் புள்ளி வைக்கும் சிக்கன முறையிலேயே கடையிலிருந்து வந்தன. நொடிக்கு ஒரு புள்ளி என்று மாற்றிவைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவர இரண்டு வருடம் ஆனது. ஏற்றத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். அது வீண் கவலை. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் செங்குத்துச் சாலையில்கூட, தட்டையாகக் கணக்கிடுவதால் குறைவது கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டர்தான்.

ஊருக்குள் ஓடுகிறவர்களுக்கு மலை வேண்டாம், கட்டடமே போதும். செயற்கைக்கோள் ஒலிபரப்பும் திறன் பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான். இருபதாயிரம் கிலோமீட்டர் வந்து சேரும்போது அதில் என்ன மிஞ்சும்? அந்த மிச்சமும் கண்ணாடிச் சுவரில் பட்டு எதிரொலித்து, முப்பது மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்து சேர்ந்தால், நான் முப்பது மீட்டர் தள்ளியிருப்பதாகக் கடிகாரம் நம்பிவிடும். சிகாகோ மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு இது பழக்கம். வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே முதல் சில கிலோமீட்டரிலேயே உலக சாதனையை உடைக்கும் வேகத்தை மணிக்கட்டு காட்டும். நமக்குக் கத்திப்பாரா மேம்பாலத்தின் அடிப்பகுதி போதும்.

இன்றைய மாற்றம் நடந்தது இந்த எதிரொலிச் சிக்கலில்தான். பல ஆண்டுகள் கடிகாரங்கள் எல்1 என்ற ஒரே அலைவரிசையைத்தான் கேட்டன. இப்போதைய நல்ல கடிகாரங்கள் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் கேட்கின்றன. எல்1 சிக்னலின் குறியீட்டில் ஒரு துண்டின் நீளம் ஏறக்குறைய 293 மீட்டர். எல்5-இல் அது 29 மீட்டர். அளவுகோலின் கோடுகள் பத்து மடங்கு நெருக்கமானதைப்போல. நேராக வந்த சிக்னலையும் சுவரில் பட்டு வந்த எதிரொலியையும் எல்5-இல் பிரித்தறிய முடிகிறது. 2021-இல் கோரோஸ் வெர்டிக்ஸ் 2 இதைக் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுவந்தது. 2022-இல் கார்மினும் ஆப்பிளும் தங்கள் உயர்ரகக் கடிகாரங்களில் கொடுத்தன. கேட்கப்படும் செயற்கைக்கோள்களும் பெருகின: அமெரிக்காவின் ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ. நம் இஸ்ரோவின் நாவிக் தொடக்கத்திலிருந்தே எல்5-இல் பேசியது. உலகத்துச் சிறு சிப்புகள் எல்லாம் எல்1 மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததால் அதன் பேச்சு கைக்கடிகாரங்களின் காதில் விழவில்லை. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்.வி.எஸ்.-01 எல்1-ஐயும் சேர்த்துக்கொண்டது. அதில் உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரமும் இருக்கிறது. நாவிக் செயற்கைக்கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் நம் பக்கத்து வானத்திலேயே உலவுபவை.

காத்திருக்கும் நேரமும் சுருங்கிவிட்டது. அடுத்த சில நாட்களில் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற பஞ்சாங்கத்தைக் கைபேசி வழியாகக் கடிகாரம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. காந்தி சிலைக்குப் பின்னால் "சுத்துது, சுத்துது" என்று நிற்கும் பையன் பெரும்பாலும் ஒரு வாரமாகக் கைபேசியோடு இணைக்காதவனாக இருப்பான். கடிகாரம் தயார் என்று பச்சை காட்டிய பிறகும் நான் ஒரு நிமிடம் நிற்பதற்குக் காரணம், பச்சை வந்துவிட்டால் நான்கு செயற்கைக்கோள் கிடைத்துவிட்டது என்றுதான் பொருள். இன்னும் பத்துப் பன்னிரண்டு வந்து சேரட்டும், கணக்கு இறுகட்டும். தொடக்கத்தில் தடுமாறுகிற கடிகாரம் முதல் கிலோமீட்டரைக் கெடுத்துவிடும், அந்தக் கோபத்தில் நான் இரண்டாவதைக் கெடுத்துக்கொள்வேன்.

இவ்வளவும் செய்த பிறகு எவ்வளவு சரி? போன தை மாதம் சர்வேயர் அண்ணனும் நானும் எங்கள் தெருவில் ஒரு விளையாட்டு விளையாடினோம். கொத்தனாரிடம் முப்பது மீட்டர் டேப்பைக் கடன் வாங்கி, என் வீட்டு கேட்டிலிருந்து பத்து வீச்சு, முந்நூறு மீட்டர் அளந்து, அண்ணன் சுண்ணாம்பால் குறி போட்டார். வழியில் ஆவின் பூத், கேட்டிலிருந்து சரியாக இருபது மீட்டர். "டேப்பைத் தொய்ய விடாதீங்க தம்பி" என்று முப்பது தடவை சொல்லியிருப்பார். பிறகு முந்நூறைப் போய்வந்து போய்வந்து பத்து முறை ஓடினேன், மூவாயிரம் மீட்டர். புதுக் கடிகாரம் 3.02 காட்டியது. டிராயரில் கிடந்த பழைய தீப்பெட்டியைச் சார்ஜ் செய்து மறு கையில் கட்டியிருந்தேன், அது 3.14. அண்ணன் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஒரே ஆள், ரெண்டு கை. ரெண்டும் ஒரே தூரம்தானே போச்சு?" என்றார்.

அந்தக் கேள்விதான் இன்றைய மாரத்தான்களின் முடிவுக்கோட்டில் நிற்கிறது. பதக்கத்தைக் கழுத்தில் போட்ட மறுநொடி ஒருவர் சொல்வார்: "42.6 வருது சார், பாதையை நீட்டி வச்சுட்டாங்க." பக்கத்தில் இருப்பவருக்கு 42.4. இன்னொருவருக்கு 42.9. பாதை ஒன்றுதான். சைக்கிள்காரர் போட்ட குறுகிய வழியில் இவர்கள் யாரும் ஓடவில்லை. தண்ணீர் மேசைக்கு ஒரு வளைவு, கூட்டத்தை விலக்க ஒரு வளைவு, நிழலுக்காக எதிர்ப்பக்கம் ஒரு வளைவு. அதோடு அந்த 42 மீட்டர் காப்புத்தொகை. அதன் மேல் புள்ளிகளின் நடுக்கம். நூற்றுக்கு ஒன்று என்பது மாரத்தானில் 422 மீட்டர். கடிகாரம் ஆறு நிமிட வேகம் என்று காட்டும்போது உண்மையில் ஆறு நிமிடம் நான்கு நொடியில் ஓடிக்கொண்டிருப்போம். இதே கணக்கில், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க நினைத்தவர் இரண்டு நிமிடத்தில் கோட்டை விடுவார்.

அதனால் பந்தய நாளில் மட்டும் நான் பழைய ஆளாகிவிடுகிறேன். தானாகக் கிலோமீட்டர் பிரிக்கும் வசதியை அணைத்துவிட்டு, சாலையோரம் நட்டிருக்கும் ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையையும் தாண்டும்போது கையால் பட்டனை அழுத்துகிறேன். 1988-இன் கேசியோவில் செய்த அதே வேலை.

மற்ற நாட்களில் கை சொல்வதுதான் தூரம். அன்று 'ரெண்டு லைட் ஹவுஸ்' என்றால் பத்துப் பேருக்கும் ஒரே பொருள். இன்று பத்துப் பேர் தோளோடு தோள் ஓடி வந்து நின்றால், பத்து மணிக்கட்டில் பத்துத் தூரம். ஒருவனுக்கு 10.04 வந்திருக்கும், ஷூவைக் கழற்றிவிடுவான். அடுத்தவனுக்கு 9.87. அவன் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி வருவான், பலூன் கடைக்காரர் வேடிக்கை பார்க்க. பெசன்ட் நகரில் அரசு 2023-இல் தொடங்கிய எட்டு கிலோமீட்டர் நடைபாதையில் தூரம் எழுதிய பலகைகள் நிற்கின்றன. அங்கே நடக்கும் பெரியவர்களிடம் கேட்டால் "நாலு வரைக்கும் போய்ட்டு வந்தேன்" என்கிறார்கள், எல்லோருக்கும் அது ஒரே நாலு. ஓடுகிற பிள்ளைகள் பலகைக்கு எதிரே நின்று, கையைப் பார்த்து, பலகை தப்பு என்கிறார்கள்.

இதையெல்லாம் அவர்களிடம் நான் நிறையவே பேசியிருக்கிறேன். போன ஞாயிறும் பேசினேன். புள்ளி, நடுக்கம், சைக்கிள், சலாசார் எல்லாம். "சூப்பர் அங்கிள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு மெரினாவிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்தேன். கேட்டில் கை வைத்தபோது மணிக்கட்டைப் பார்த்தேன். 9.96.

ஆவின் பூத்துக்குப் போகவர நாற்பது மீட்டர், டேப் பிடித்து அளந்தது. மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி பூத் வரை ஓடி, தூணைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். 9.99.

இன்னொரு தடவை பூத்துக்கு ஓடினேன்.